ஆடுதுறை 27

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இல் தொடங்கியது. பின்னாளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. அதன் பெரிய சாதனை ஆடுதுறை 27. ஜப்பானின் நாரின் 10ஐயும் கோவையின் ஜி.இ.பி. 24ஐயும் கலந்து, 1960களில் வந்த குறுவை நெல். தஞ்சையில் பசுமைப் புரட்சி காலூன்றியது அதோடுதான்.

எங்க அம்மாயி அதை மிராசு வயலில் நட்டவள். 'வெளச்சல் கூடிச்சி, கூலிப்படி மட்டும் கூடலடா' என்பாள். கூலி கூட்டிக் கேட்ட வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசையில் நம் சனங்கள் 44 பேரை எரித்தார்கள்.

நான் தாவரவியல் படித்தவன். பாடத்தில் ரகம் இருந்தது, மகசூல் இருந்தது. வெண்மணி இல்லை. நெல்லின் வரலாற்றை நட்ட கையிலிருந்து எழுத வேண்டும். சேரிப் பிள்ளைகள் நாம் ஆய்வுக்கூடத்துக்குள் போனது அதற்கும்தான்.