இணையவழிச் சூதாட்ட அடிமைத்தனம்

இணையவழிச் சூதாட்ட அடிமைத்தனம் என்பது, பணம் கரைவது கண்ணெதிரே தெரிந்தும் கைப்பேசியில் ஆடும் பண ஆட்டத்தை நிறுத்த முடியாமல் தவிக்கும் நிலை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் சூதாட்ட வெறியை முதன்முதலாகத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தபோது, திருடும் வெறி, தீ வைக்கும் வெறி ஆகியவற்றின் பக்கத்தில் வைத்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு அதை மது, போதைப்பொருள் வரிசைக்கு மாற்றியது. எதையும் குடிக்காமல், புகைக்காமல் வரும் ஒரு பழக்கத்துக்கு அந்த வரிசையில் இடம் கிடைத்தது அதுவே முதல்முறை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இணையவழிச் சூதாட்டத்துக்கெனத் தனி உட்பிரிவே உண்டு. அமெரிக்க அளவுகோலின்படி 9 அறிகுறிகளில் 4, ஓராண்டுக்குள் தென்பட்டால் அது நோய். வீட்டில் பொய் சொல்வது, குறைக்கப் பார்த்துத் தோற்பது, அடுத்தவர் பணத்தில் நெருக்கடியைச் சமாளிப்பது ஆகியவை அவற்றில் சில.

அந்த ஒன்பதில் ஆடுபவர்களே வாய்விட்டுச் சொல்வது ஒன்று: "விட்டதைப் பிடிச்சிட்டு நிறுத்திடுவேன்." பாயின்ட் ரம்மியை எடுத்துக்கொள்வோம். கையில் 13 சீட்டு. ஒரு சுற்றில் ஒருவர் தோற்கக்கூடிய உச்சம் 80 பாயின்ட். பாயின்ட்டுக்கு 1 ரூபாய் மேசையில் போவது 80 ரூபாய்தான். முதல் சீட்டு எடுக்கும் முன்பே 'டிராப்' செய்து விலகினால் 20. இதற்கெல்லாம் யாரும் கலங்குவதில்லை. நாலைந்து சுற்று தொடர்ந்து போனபின், மொத்தத்தையும் ஒரே அடியில் எடுக்க 5 ரூபாய் மேசைக்குத் தாவுகிறார்கள். அங்கே ஒரு சுற்றின் விலை 400. சுற்று முடிய சில நிமிடம், அடுத்த மேசை திறக்க ஒரு தொடுகை. மனமகிழ் மன்றத்தில் சீட்டாடியவர் பை காலியானால் எழுந்து வீட்டுக்குப் போயாக வேண்டும். கைப்பேசியிலோ ஆட்டச் செயலிக்குப் பக்கத்திலேயே கடன் செயலியும் இருக்கிறது.

ஜெயிப்பது எப்போது என்று தெரியாததே பிடியை இறுக்குகிறது. ஒவ்வொரு முறையும் கிடைக்கும் பரிசைவிட, எப்போதாவது கிடைக்கும் பரிசுக்கே உயிரினங்கள் விடாமல் முயல்கின்றன என்பதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் ஆய்வுகள் காட்டின. மயிரிழையில் நழுவிய வெற்றி, மூளையில் வெற்றிக்குரிய பகுதிகளையே தூண்டுவதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2009இல் பதிவு செய்தனர். 'ஒரு ஜோக்கர் வந்திருந்தால் முடித்திருப்பேன்' என்ற எண்ணம் தோல்வியாகக் கணக்கில் ஏறுவதில்லை. லாஸ் வேகாஸ் இயந்திரச் சூதாடிகளைப் பற்றி மானிடவியலாளர் நடாஷா டவ் ஷுல் 2012இல் வெளியிட்ட நூல் இன்னும் ஒருபடி மேலே போகிறது: முற்றிப்போனவர்கள் ஜெயிப்பதற்காகவே ஆடுவதில்லை, வேறெதுவும் நினைவில் நிற்காத அந்த மயக்கத்தில் நீடிப்பதற்காக ஆடுகிறார்கள்.

செயலியின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. பணம் உள்ளே போக நொடிகள் போதும். வெளியே எடுக்க நேரமாகும். அந்த இடைவெளியில் எடுக்கச் சொன்ன பணத்தையே திரும்ப ஆட்டத்தில் இறக்கும் வசதியைப் பல தளங்கள் வைத்திருந்தன. பிரிட்டன் 2021 அக்டோபரில் இதைத் தடுத்தது. இணைய ஸ்லாட் ஆட்டத்தில் ஒரு சுழற்சி 2.5 நொடிக்குக் குறையக் கூடாது என்றும் விதித்தது. அரை நொடி, ஒரு நொடி என்று சண்டை போடுவது வேடிக்கையாகத் தோன்றலாம். வேகம்தான் இங்கே சரக்கு.

தமிழ்நாட்டில் ரம்மியில் பணம் இழந்தோரின் தற்கொலைகள் இதை அரசியல் பிரச்சினையாக்கின. 2021ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த அடுத்த சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பி, பேரவை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. ரம்மி முக்கியமாகத் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968இலேயே சொல்லியிருந்ததால், ரம்மியும் போக்கரும் 2023 நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் தடையிலிருந்து தப்பின. திறமையா அதிர்ஷ்டமா என்ற இந்த வழக்காடல், விடிய விடிய ஆடுபவருக்குச் சம்பந்தமே இல்லாதது. 2025 பிப்ரவரி விதிகள் அவரைக் கொஞ்சம் நெருங்கின: நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை உள்நுழைவு கிடையாது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது; நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. தடைக்குக் கட்டுப்படாத வெளிநாட்டுத் தளங்கள் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில்தான்.

சிகிச்சையில் அதிகம் ஆராயப்பட்டது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. சிலருக்கு நால்ட்ரெக்சோன் மாத்திரையும் தரப்படுகிறது. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில மருந்துகளே சூதாட்ட வெறியைக் கிளப்புவதால், ஆடுபவர் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று மருத்துவர் முதலில் கேட்பது நல்லது. லாஸ் ஏஞ்சலஸில் 1957இல் தொடங்கிய 'கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்' போன்ற தோழமைக் குழுக்கள் பலருக்கு உதவியிருக்கின்றன. வீட்டளவில் பலன் தருவது பணத்துக்கும் விரலுக்கும் நடுவே தடை வைப்பதுதான்: சம்பளக் கணக்கை மனைவியோ அண்ணனோ பார்த்துக்கொள்வது, யுபிஐ வரம்பைக் குறைப்பது, கடன் செயலிகளை நீக்குவது. குடும்பம் நகையை விற்று மொத்தக் கடனையும் ஒரே நாளில் அடைப்பதைச் சிகிச்சையாளர்கள் விரும்புவதில்லை. கடன் தீர்ந்த கணக்கு மறுபடி கடன் வாங்கத் தகுதி பெற்றுவிடுகிறது. அதனால் முழுக் கடனையும் எழுதி வைத்து, ஆடியவரே தவணையாகக் கட்டும்படி பார்த்துக்கொள்கிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்; தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.