சுஸ்தால் விடுதியில் கற்ற பாடம்

பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். என் வரலாற்று வகுப்பில் இருந்தவர்களுக்கு இதில் ஒரு திருத்தமும் உண்டு.

2019 ஜூலையில் ரஷ்யாவில் சைக்கிள் பயணம் போனேன். அங்கே மருத்துவம் படித்த என் தங்கை மகன்தான் வழித்துணை, மொழிபெயர்ப்பாளர் எல்லாம். மாஸ்கோவுக்குக் கிழக்கே விளாதிமிரில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்து, சுஸ்தாலுக்குக் கிளம்பினோம். 30 கிலோமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கமான சாலை, இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அந்த வட்டாரத்துக்கு ஓபோல்யே என்று பெயர். காடுகளுக்கு நடுவே திறந்து கிடக்கும் வளமான மண். 12ஆம் நூற்றாண்டில் விளாதிமிர்-சுஸ்தால் அரசு தழைத்ததற்கு இந்த மண்ணும் ஒரு காரணம்.

பாதி வழியில் நல்ல மழை. சுஸ்தாலில் சோவியத் காலத்துக் கட்டடத்தில் இருந்த ஒரு விடுதிக்குச் சொட்டச் சொட்டப் போய் நின்றோம். முதல் வேலையாகப் பாஸ்போர்ட், விசா, எல்லையில் தந்த குடியேற்றச் சீட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். தங்கும் வெளிநாட்டவரை விடுதியே அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். எனக்கோ பாஸ்போர்ட் கையில் இல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை.

மாடியில் ஒரு வயதான அம்மா மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். சோவியத் விடுதிகளில் தளத்துக்கு ஒரு பெண் இப்படிச் சாவிகளோடு இருப்பார். 'டெஜூர்னயா' என்பார்கள். இந்த விடுதி அந்தப் பழக்கத்தை விடவில்லை. நனைந்த ஷூவுக்குள் திணிக்கப் பழைய செய்தித்தாள் தந்தார், சூடாகத் தேநீரும் கொடுத்தார்.

"மாமா பாஸ்போர்ட்டை நினைத்துத் தவிக்கிறார்" என்று மருமகன் ரஷ்ய மொழியில் சொல்ல, அந்த அம்மா சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "என் அம்மா கூட்டுப்பண்ணையில் பால் கறந்தவர். அவர் கைக்குப் பாஸ்போர்ட் வந்தபோது 50 வயது தாண்டிவிட்டது."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் சொன்னது வெளிநாடு போகும் பாஸ்போர்ட் அல்ல, சொந்த நாட்டுக்குள்ளேயே நடமாட வேண்டிய உள்நாட்டுப் பாஸ்போர்ட்.

விவரம் இதுதான். 1929 முதல் கூட்டுப்பண்ணைகள் வேகமாகத் திணிக்கப்பட்டன. தானியக் கொள்முதல் கெடுபிடியும் சேர, 1932-33இல் பஞ்சம் வந்து பல லட்சம் பேர் மாண்டார்கள். உயிர் பிழைக்க நகரங்களுக்கு ஓடியவர்களைத் தடுக்க அரசுக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. 1932 டிசம்பர் 27இல் உள்நாட்டுப் பாஸ்போர்ட் ஆணை வந்தது. நகரவாசிகளுக்குக் கிடைத்தது, பெரும்பாலான கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்குக் கிடைக்கவில்லை. அது இல்லாமல் நகரத்தில் குடியேற முடியாது. வெளியூரில் சில நாள் தங்க வேண்டுமென்றாலும் கிராம சோவியத்திடம் சீட்டு வாங்க வேண்டும். சந்தைக்கு வருகிறவர்கள் தங்க 'கூட்டுப்பண்ணையாளர் இல்லம்' என்று மலிவான விடுதிகள் பல ஊர்களில் இருந்தன. இளைஞர்கள் வெளியேறப் பட்டாளமும் படிப்பும்தான் முக்கிய வழி. அந்த அம்மாவும் படிக்க வந்துதான் நகரவாசி ஆனாராம்.

எல்லோருக்கும் பாஸ்போர்ட் என்ற ஆணை 1974 ஆகஸ்டில்தான் வந்தது. 1976இலிருந்து வழங்கத் தொடங்கினார்கள். யூரி ககாரின் 1961இல் விண்வெளிக்குப் போய் வந்தபோது, அதே நாட்டின் பால்காரப் பெண்மணி அனுமதியில்லாமல் அடுத்த நகரத்தில் குடியேற முடியாது!

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தது, 1917இல் உழுதவனுக்கு நிலம் கிடைத்தது" என்று எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இரண்டும் உண்மைதான். ஆனால் அத்துடன் முற்றுப்புள்ளி வைத்தேனே, அது என் பிழை. கொடுத்த நிலத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று நானும் தேடவில்லை, உங்களையும் கேட்கத் தூண்டவில்லை.

காலையில் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தார்கள். சட்டைப் பையில் வைக்கும்போது அது முன்னைவிடக் கனமாகத் தெரிந்தது.

என்னிடம் படித்தவர்கள் பழைய நோட்டில் 1917க்குக் கீழே 1932, 1974 என்று இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது ஆசிரியராக இருப்பவர்கள் உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்