அதிர்ஷ்டசாலியின் கதை

ஆஸ்திரேலியான்னா நமக்கு கிரிக்கெட்தான். இன்னிக்கு கிரிக்கெட் இல்லை மக்களே, ஆல்பர்ட் ஃபேஸின்னு ஒரு டிராம் ஓட்டுநர்.

1894ல் பிறந்தவர். ரெண்டு வயசு ஆகறதுக்குள்ள அப்பா போயிட்டார். எட்டு வயசுலேயே பண்ணை வேலை. பள்ளிக்கூடம் போனதே இல்லை, எழுதப் படிக்க தானாகவே கத்துக்கிட்டார். முதல் உலகப்போர் வந்ததும் படையில சேர்ந்து, 11வது பட்டாலியனோட துருக்கியின் கலிபோலிக்குப் போனார். 8000க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்கள் செத்த இடம் அது. அவரோட அண்ணன்களில் ரெண்டு பேர் அங்கேயே போயிட்டாங்க. இவர் காயத்தோட ஊர் திரும்பினார்.

1915 ஏப்ரல் 25, முதல் நாளே கரையிறங்கினதா தன் புத்தகத்தில் எழுதியிருக்கார். ராணுவ ஆவணங்களோ, அவர் மே மாதம்தான் போய்ச் சேர்ந்தார்னு சொல்லுது. இதைப் பிடிச்சுக்கிட்டு "அப்போ எல்லாம் புளுகா?"ன்னு கேட்கலாம். எனக்கு அப்படித் தோணலை. அறுபது வருஷமா எல்லோரும் அந்த ஒரு தேதியையே பேசிட்டிருந்தா, அது கேட்டவன் ஞாபகத்துக்குள்ளேயும் போய் உட்கார்ந்துக்காதா? ஆனா வரலாறுன்னு மேற்கோள் காட்டறவங்க ஆவணத்தையும் ஒருதடவை பார்த்துடறது நல்லது.

திரும்பி வந்தவருக்கு பெர்த்தில் டிராம் வேலை. அப்புறம் போர்வீரர்களுக்கான குடியேற்றத் திட்டத்தில் விக்கபின் பக்கம் நிலம் கிடைச்சது. கோதுமை, ஆடு, கடன்! 1930களின் பொருளாதார மந்தத்தில் விலை விழுந்ததும் நிலத்தை விட்டுட்டு மறுபடி டிராமுக்கே வந்துட்டார். கை கால் போனாத்தான் போர் இழப்புன்னு நினைக்கிறோம். இந்த மாதிரி நிலத்தோட மல்லுக்கட்டித் தோத்தவங்க கணக்கை யாரு வெச்சிருக்கா?

இதோட முடியலைங்க. ரெண்டாம் உலகப்போர். 1942ல் சிங்கப்பூர் விழுந்தப்போ மகன் ஒருத்தரும் போயிட்டார்.

வயசான காலத்தில் பேரப்பிள்ளைகளுக்காக எழுதி வெச்சதுதான் 1981ல் புத்தகமா வந்தது. நாடே வாங்கிப் படிச்சது. ஒன்பது மாசம் போல அந்தப் புகழைப் பார்த்துட்டு, 1982ல் 87 வயசுல காலமானார்.

தலைப்பு என்ன தெரியுமா? 'எ ஃபார்ச்சுனேட் லைஃப்'. முதல்ல கிண்டல்னுதான் நினைச்சேன். கிண்டல் இல்லை. கலிபோலி பதுங்குகுழிக்கு யாரோ ஒரு பெண் பின்னி அனுப்பின காலுறை வந்ததாம், உள்ளே ஒரு சீட்டோட. ஊர் திரும்பினப்போ பெர்த் தெருவில் அந்தப் பெண்ணையே பார்த்திருக்கார். பேரு ஈவ்லின். 1916ல் கல்யாணம். 1976ல் அவங்க இறக்கற வரைக்கும் கிட்டத்தட்ட 60 வருஷம்.