நஞ்சும் மூலிகையும் காட்டிய வழி: விஜயலட்சுமி ரவீந்திரநாத்தின் நரம்பறிவியல் ஆய்வு வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

சென்னையில் பிறந்த நரம்பறிவியலாளர் விஜயலட்சுமி ரவீந்திரநாத், மூளையின் உயிரணுக்களில் சமிக்ஞை கடத்தப்படும் முறையையும் அது சிதையும் முறையையும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்தவர். கேசரிப் பருப்பின் நஞ்சு, பார்க்கின்சன் நோயை ஒத்த நிலையை உண்டாக்கும் ஒரு வேதிப்பொருள், அமுக்கரா வேர் ஆகிய மூன்றும் அவருடைய ஆய்வில் பெற்ற இடத்தை இக்கட்டுரை வரலாற்று முறையில் விளக்குகிறது. ஒரு மூலிகைக்கு ஆற்றல் உண்டு என்று கூறுவதற்கும், அவ்வாற்றல் எந்த உறுப்பில், எந்த ஏற்பியின் வழியாக நிகழ்கிறது என்று நிறுவுவதற்கும் உள்ள இடைவெளியை அவ்வாய்வுகள் உணர்த்துகின்றன என்பதும், பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களின் ஆய்வாளர்களுக்கு அது முதன்மையான பாடம் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: நரம்பறிவியல், ஏற்பி, செல் சமிக்ஞை, கேசரிப் பருப்பு, அமுக்கரா, கண்வலிக்கிழங்கு

முன்னுரை

குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியல் செங்காந்தளில் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரைத் தரும் அச்செடியைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் உழவர்கள் விதைக்காகப் பயிரிடுகின்றனர். அதன் விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்கிசின், கவுட் என்னும் மூட்டுவாதத்திற்கு மருந்து. அளவு மிகுந்தால் உயிர்கொல்லி. உயிரணுவுக்குள் அது எதனைப் பற்றிக்கொள்கிறது என்ற வினாவைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் ஆராய்ந்து 1967இல் விடை கண்டனர். கதிரியக்கக் குறியிட்ட கோல்கிசினைப் பின்தொடர்ந்த அவர்கள், அது பிணையும் புரதம் பிளவுறும் உயிரணுக்களில் மட்டுமன்றி மூளைத் திசுவிலும் மிகுந்திருப்பதைக் கண்டனர். டியூபுலின் எனப் பின்னர்ப் பெயர்பெற்ற அப்புரதமே, நரம்பிழைகளுக்குள் பொருள்கள் பயணம் செய்யும் தடங்களான நுண்குழல்களை ஆக்குகிறது.

தாவர நஞ்சு ஒன்று எங்கே பிணைகிறது என்று தேடியதால் உயிரணுவின் அடிப்படை அமைப்பு ஒன்று வெளிப்பட்டது. இதே வகையான தேடலை இந்தியச் சூழலில் நெடுங்காலம் மேற்கொண்டவர்களுள் விஜயலட்சுமி ரவீந்திரநாத் குறிப்பிடத்தக்கவர்.

மூளையில் அயற்பொருள் மாற்றம்

1953இல் பிறந்த விஜயலட்சுமி ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1981இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஆய்வு செய்தபின், 1986இல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார்.

உடலுக்குள் புகும் மருந்துகளையும் அயற்பொருள்களையும் வேதிமாற்றம் செய்வது பெரும்பாலும் கல்லீரலின் பணி. அப்பணிக்குரிய சைட்டோகுரோம் பி450 நொதிகள் மனித மூளையிலும் உள்ளனவா என்பது அவர் எழுப்பிய வினா. நோய்க்குறியியலாளர் எஸ். கே. சங்கர் உள்ளிட்டோருடன் 1989இல் வெளியிட்ட ஆய்வில், இறந்தோரின் மூளைத் திசுவில் அந்நொதிகளின் செயல்பாடு இருப்பதை அவர் காட்டினார். இதன் பொருள் எளிது, விளைவு பெரிது. மூளைக்குச் செல்லும் மருந்து, தான் பிணைய வேண்டிய ஏற்பியின் அருகிலேயே மாற்றத்திற்கு உள்ளாகலாம். ஆகவே, குருதியில் மருந்தின் அளவைக் கணிப்பது மட்டும் மூளையில் அதன் விளைவை அறியப் போதுமானதன்று.

கேசரிப் பருப்பும் குளூட்டமேட் ஏற்பியும்

வறட்சியிலும் விளையும் கேசரிப் பருப்பை நெடுநாள் முதன்மை உணவாகக் கொள்வோருக்குக் கால்கள் விறைத்து முடங்கும் லாதிரிசம் என்னும் நோய் உண்டாகிறது. வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் ஏழை உழைப்பாளரைத் தாக்கிய நோய் இது. இதற்குக் காரணமான ஓடாப் என்னும் அமினோ அமிலத்தை 1964இல் பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். எல். என். ராவ், பி. ஆர். அடிகா, பி. எஸ். சர்மா ஆகியோர் பிரித்தெடுத்தனர். குளூட்டமேட்டை ஒத்த அமைப்புடைய இந்நஞ்சு, நரம்பணுவின் ஆம்பா வகைக் குளூட்டமேட் ஏற்பிகளைத் தூண்டுகிறது.

ஏற்பி தூண்டப்படுவதற்கும் நரம்பணு அழிவதற்கும் இடையே நிகழ்வது என்ன என்பதை விஜயலட்சுமியின் ஆய்வுக்குழு 1998இல் விளக்கியது. நஞ்சூட்டப்பட்ட ஆண் எலிகளில், இயக்கத்தை ஆளும் மூளைப்புறணியிலும் கீழ்த் தண்டுவடத்திலும் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் நொதித்தொகுதி செயலிழந்தது. மனிதரில் நோய் தாக்கும் நரம்புப் பாதையின் தொடக்கமும் முடிவும் இவ்விடங்களிலேயே உள்ளன. அந்நஞ்சின் ஆடிப்பிம்ப வடிவத்தைக் கொடுத்தபோது இவ்விளைவு தோன்றவில்லை. அணுக்கள் அவையே, அமைவு மட்டும் வேறு. எனவே இது பொதுவான வேதிச்சேதம் அன்று, வடிவத்தை அறிந்து பிணையும் இலக்கின் வழியாக நிகழ்வது என்பது தெளிவாயிற்று. மேலும், தயோல் ஒடுக்கி ஒன்று அச்செயலிழப்பை மீட்டது; தயோல் வகை ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களை முன்கூட்டியே கொடுத்தபோது அது தடுக்கப்பட்டது. நரம்பணு இறப்பதற்கு முன்னரே, மீட்கத்தக்க ஒரு கட்டம் உண்டு என்பது இதனால் புலனாயிற்று.

கந்தகத் தொகுதிகளும் சமிக்ஞைத் தொடரும்

மீட்கத்தக்க அக்கட்டத்தின் தன்மையை அறியும் முயற்சியே அடுத்த பல ஆண்டுகளின் ஆய்வாக விரிந்தது. அதற்கு உதவியது எம்.பி.டி.பி. என்னும் வேதிப்பொருள். 1980களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவில் கலப்படப் போதைப்பொருளை ஊசிவழி ஏற்றிக்கொண்ட இளைஞர் சிலர் பார்க்கின்சன் நோயாளரைப் போல உறைந்துபோயினர். வில்லியம் லாங்ஸ்டன் குழுவினர் 1983இல் இப்பொருளே காரணம் என்று அறிவித்தனர். இதுவும் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் நொதித்தொகுதியையே தாக்குகிறது. ஆனால் டோபமின் சுரக்கும் நரம்பணுக்களைக் குறிவைக்கிறது.

புரதங்களில் உள்ள கந்தகத் தொகுதிகள் ஆக்சிஜனேற்றம் அடையும்போது அவற்றை முன்னிலைக்குக் கொணரும் குளூட்டாரெடாக்சின் என்னும் சிறு புரதத்தில் விஜயலட்சுமி கவனம் செலுத்தினார். எம்.பி.டி.பி. தாக்கிய மைட்டோகாண்ட்ரியா மீள அப்புரதம் இன்றியமையாதது என்று 2003இலும், பெண் எலிகளின் மூளையில் அது இயல்பாகவே மிகுந்திருப்பது அவற்றுக்குப் பாதுகாப்பளிக்கிறது என்று 2004இலும் அவருடைய குழு எழுதியது. லாதிரிசமும் பார்க்கின்சன் நோயும் ஆண்களையே மிகுதியாகத் தாக்குவதை நோக்க, இம்முடிவின் சிறப்பு விளங்கும்.

பின்னர், பி38 கைனேஸ் தொடர் டோபமின் நரம்பணுக்களில் தூண்டப்படுவதால் பி53 புரதம் உட்கருவுக்குள் இடம்பெயர்வதை 2008இல் காட்டினர். உயிரணு பிழைத்திருப்பதற்கான சமிக்ஞையைத் தரும் ஏ.கே.டி. என்னும் கைனேஸின் கந்தகத் தொகுதிகள் ஆக்சிஜனேற்றம் அடைவதால் அச்சமிக்ஞை அணைவதை 2012இல் விளக்கினர். ஏற்பியில் தொடங்கும் செய்தி உரிய இடத்தைச் சென்றடைவது, இடையிலுள்ள புரதங்களின் வேதிநிலையைப் பொறுத்தது என்பதே இவ்வரிசை ஆய்வுகளின் சாரம்.

அமுக்கராவும் கல்லீரல் ஏற்பியும்

சித்த மருத்துவத்தில் சூரணமாக வழங்கும் அமுக்கரா, வடமொழியில் அசுவகந்தா. இவ்வேரின் ஓரளவு தூய்மையாக்கப்பட்ட சாற்றை, ஆல்சைமர் நோய்க்குரிய மரபணு மாற்றம் பெற்ற முதிய எலிகளுக்கு 30 நாள்கள் வாய்வழியாகக் கொடுத்த ஆய்வு 2012இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. எலிகளின் நினைவுத்திறன் மீண்டது. மூளையில் பீட்டா அமிலாய்டு படிவு குறைந்தது.

இதுவரை கூறியதோடு ஆய்வு நின்றிருப்பின், அது மூலிகைப் புகழ்ச்சியில் மற்றொன்றாகவே முடிந்திருக்கும். மூளையில் குறைந்த அமிலாய்டு குருதியில் கூடியிருந்ததைக் குழுவினர் கவனித்தனர். அதனை ஈர்த்து வெளியேற்றும் எல்.ஆர்.பி. என்னும் ஏற்பிப் புரதம் கல்லீரலில் பெருகியிருந்தது. இங்கே அவர்கள் மேற்கொண்ட சோதனையே ஆய்வின் உயிர்நாடி: கல்லீரலில் மட்டும் அவ்வேற்பியின் ஆக்கத்தை ஆர்.என்.ஏ. உத்தியால் குறைத்தனர். மூளை தொடப்படவில்லை, மருந்தும் மாறவில்லை. ஆயினும் மருந்தின் பயன் மறைந்தது. மூளைக்கு மருந்து எனக் கருதப்பட்ட வேர், அவ்வெலிகளில் கல்லீரலின் வழியாகப் பணியாற்றியது என்று இதனால் நிறுவப்பட்டது.

இம்முடிவின் எல்லையையும் கூறவேண்டும். இது எலிகளில் கண்ட முடிவு. மனிதரின் மறதிநோய் அமுக்கராவால் தீரும் என்பதற்குச் சான்றன்று. அமுக்கராப் பொருள்களை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. கல்லீரலே செயற்களம் என்றால், அங்கேயே தீங்குக்கும் இடமுண்டா என்று ஆராய்வது கடமையாகிறது. "நம் முன்னோர் கூற்றை அறிவியல் மெய்ப்பித்துவிட்டது" என்று தமிழ் ஆய்வேடுகளில் எழுதப்படும் தொடருக்கு இவ்வாய்வைச் சான்றாக்குவது, அதன் உழைப்பையே மறைப்பதாகும்.

நிறுவனங்களும் ஊர்ப்புற ஆய்வும்

1996இல் பட்நாகர் விருதும் 2010இல் பத்மஸ்ரீ விருதும் பெற்ற விஜயலட்சுமி, அரியானாவின் மானேசரில் அமைந்த தேசிய மூளை ஆய்வு மையத்தின் முதல் இயக்குநராக 2000 முதல் 2009 வரை பணியாற்றினார். பின்னர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் நரம்பறிவியல் மையத்தையும், மூளை ஆய்வு மையத்தையும் தொடங்கி நடத்தினார். இரண்டாவது மையம் கர்நாடகத்தின் கோலார் மாவட்டச் சீனிவாசபுர வட்டத்தில், 45 வயதைக் கடந்த 10,000 ஊர்ப்புற மக்களை நெடுங்காலம் பின்தொடரும் திட்டத்தை மேற்கொண்டுள்ளது. முதுமையும் மறதியும் குறித்த அறிவு பெரும்பாலும் மேலை நாட்டினரை ஆராய்ந்து பெறப்பட்டதாக இருக்க, எழுத்தறியாத உழவரின் நினைவாற்றலை அளக்கத் தேர்வுமுறைகளையே புதிதாக வகுக்கவேண்டிய களம் அது.

முடிவுரை

1995இல் தனி மாவட்டமான பெரம்பலூரும், 2007இல் அதிலிருந்து பிரிந்த அரியலூரும் சீனிவாசபுரத்தைப் போன்றே வேளாண்மையை நம்பிய பகுதிகள். 2022 முதல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. கண்வலிக்கிழங்கு விதை இம்மண்ணிலிருந்து மூலப்பொருளாக வெளியேறுகிறது. அதனைக் கையாளும் உழவரின் உடல்நலம் பற்றிய வினாக்களோ இங்கேயே தங்கியுள்ளன. அவற்றை ஆராய்வோர்க்கு விஜயலட்சுமியின் ஆய்வு வரலாறு மூன்று அளவுகோல்களைத் தருகிறது: கொடுக்கப்படும் பொருளின் கூறும் அளவும் வரையறுக்கப்பட வேண்டும், அது செயற்படும் உறுப்பும் இலக்கும் கண்டறியப்பட வேண்டும், அவ்விலக்கை நீக்கினால் விளைவும் நீங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். இம்மூன்றாவது சோதனை நிகழாதவரை, நம் மூலிகை ஆய்வுகளில் பல விடையின் வாயிலில் நிற்பனவே.