லயத்து நாய்களும் பிள்ளைகளின் முகமும்

சிலாங்கூரின் கோலா குபு பாருவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் நாய் இல்லாத லயம் கிடையாது. ராத்திரிக் காவலுக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பன்றி வேட்டைக்கு இரண்டு. விடியுமுன்னே அப்பா அம்மா பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, போய்விட்டால் வாசலில் மிஞ்சுவது பிள்ளைகளும் நாய்களும்தான். எழுபதுகளில் அப்படியொரு தோட்டத்தில் நான் டிரெசர், அதாவது மருத்துவ உதவியாளர். நாய்க்கடி எனக்கு வாடிக்கையான கேஸ்.

பெரியவர்களுக்குக் கடி கெண்டைக்காலில் இருக்கும். பிள்ளைகளுக்கோ கன்னம், உதடு, காது, உச்சந்தலை. நாலு வயதுப் பிள்ளையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருக்கிறது. குட்டி போட்ட நாயிடம் குனிந்தால் கேட்கவே வேண்டாம். தூக்கிக்கொண்டு ஓடி வரும்போதே காயத்தில் காப்பித்தூளோ மஞ்சளோ சுண்ணாம்போ அப்பியிருப்பார்கள். அதைக் கழுவி எடுப்பதற்குள் பிள்ளை கத்தித் தீர்த்துவிடும். தாய் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "டிரெசர் ஐயா, தொப்புளச் சுத்தி பதினாலு ஊசி போடணுங்களா?"

அந்தப் பயம் இந்திய ஊர்களிலிருந்து கப்பலேறி வந்தது. 1885இல் பாரிஸில் லூயி பாஸ்டர் முதன்முதலாக வெறிநாய்க்கடி ஊசி போட்டதும் ஒரு பிள்ளைக்குத்தான். ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையன். 1907இல் நீலகிரியின் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள், விலங்கின் மூளையிலிருந்து ஊசி மருந்து தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். வயிற்றில் நாள்தோறும் குத்திக்கொள்ள வேண்டிய அந்த மருந்து பல உயிர்களைக் காத்தது. சிலருக்குக் கைகாலை முடக்கவும் செய்தது. வயிற்று ஊசி பேரப்பிள்ளைகள் காலம்வரை மறக்கப்படாததில் வியப்பில்லை.

"வேண்டாம்மா" என்று என்னால் தைரியமாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் 1952. அந்த ஆண்டு கோலாலம்பூரில் வெறிநோய் பரவியது. அரசாங்கம் நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போட்டது, தெருநாய்களை ஒழித்தது. பயன்படுத்திய மருந்தின் பெயர் ஃபிளூரி. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் வெறிநோயால் இறந்த ஒரு பெண்ணின் பெயர் அது. அவர் மூளையிலிருந்து எடுத்த கிருமியைக் கோழி முட்டைக் கருவில் வளர்த்துப் பலமிழக்கச் செய்திருந்தார்கள். பிறகு தாய்லாந்து எல்லையோரம் தடுப்பூசி போட்ட நாய்களாலான ஒரு காப்பு வளையம் அமைந்தது. ஆக, சிலாங்கூர் தோட்டப் பிள்ளையின் உயிரை முதலில் காத்தது அறுவைக் கத்தியல்ல, நாய்க்குப் போட்ட ஊசி.

உயிர் பிழைத்தது சரி, முகம்? நாய் வாய்பட்ட காயத்தைத் தைத்தால் உள்ளே சீழ் கட்டும் என்பதே எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம். அக்ரிஃபிளேவின் என்ற மஞ்சள் மருந்தில் நனைத்த காஸை வைத்துக் கட்டுவோம். தானாக மூடும்வரை தினமும் அவிழ்த்துக் கட்ட வேண்டும். மூடியபின் கன்னத்தில் அகலமான தழும்பு நிற்கும், உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். பெண்பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சுவரை அந்தத் தழும்பு கூடவே போகும்.

அந்தப் பாடம் மெல்ல மாறியது. முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம், சீழ் பிடிப்பது குறைவு. நிறையத் தண்ணீர் விட்டு அலசி, செத்த தசையைச் சீவி எடுத்து, ஆன்டிபயாடிக் கொடுத்துத் தைத்தால் முகம் தேறும் என்று ஆய்வுகள் காட்டின. பிய்ந்த காதையும் உதட்டையும் நுண்ணோக்கியில் பார்த்து ரத்தக்குழாயோடு ரத்தக்குழாயாக இணைக்கும் கலையும் வளர்ந்தது. நமக்குத் தெற்கே 1999இல் திறந்த செலாயாங் மருத்துவமனையில், 2000ஆம் ஆண்டு டாக்டர் வி. பத்மநாதன் குழுவினர், இறந்துபோன இரட்டைச் சகோதரியின் கையை ஒரு மாதக் குழந்தைக்குப் பொருத்தினார்கள். நாய்க்கடிக்காகச் செய்த சிகிச்சை அல்ல அது. ஆனால் மயிரிழை ரத்தக்குழாய்களைத் தைக்கும் கைகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன என்பதற்குச் சாட்சி.

மலேசியா வெறிநோய் அற்ற நாடு என்று 2012இல் அங்கீகாரம் கிடைத்தது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் நோய் திரும்பியது. 2017இல் சரவாக்கின் செரியானில் சிறு பிள்ளைகள் இறந்தார்கள். அதனால் இன்று முகத்தில் கடிபட்ட பிள்ளைக்குத் தையலுக்கு முன்னால் வேறு இரண்டு வேலைகள் இருக்கின்றன. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு மருத்துவமனையில் தடுப்பூசி. சந்தேகமான கடியானால் காயத்துக்குள்ளேயே எதிர்ப்புப் புரத ஊசியும் உண்டு. இப்போதைய தடுப்பூசி வயிற்றில் அல்ல, பெரியவர்களுக்குப் புஜத்திலும் குழந்தைகளுக்குத் தொடையிலும் போடுவது. பதினாலும் இல்லை, நாலைந்தோடு முடிந்துவிடும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் காலியாகிவிட்டாலும் நாய் வளர்ப்பதை நாம் விடவில்லை. வளர்ப்பவர்கள் உரிமம் எடுத்து, நாய்க்குத் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள். பிள்ளையைக் கடித்துவிட்டால் காப்பித்தூள் டப்பாவைத் தேடாமல் குழாயடிக்கு ஓடுங்கள்.