கித்தேரி முத்துவும் கிளைவ் சல்லிவனும்

இங்கிலாந்தின் வடகிழக்கில் ஹல் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. மேற்கிலிருந்து அந்த ஊருக்குள் நுழையும் பெருஞ்சாலைக்குக் கிளைவ் சல்லிவன் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் அமைச்சரல்ல, ஆலை முதலாளியல்ல. ரக்பி லீக் ஆடியவர். நம் ராயபுரத்திலும் கிளைவ் பேட்டரி என்று ஒரு நிறுத்தம் உண்டு. அது கும்பினி காலத்துப் பீரங்கி மேடையின் பெயர். கித்தேரி முத்து என்று சொல்லி டிக்கெட் கேட்டு இறங்க ஒரு நிறுத்தமும் இல்லை.

முத்து, குத்துச்சண்டையில் சார்பட்டா பரம்பரையின் பெரிய பெயர். வெள்ளைக்காரச் சிப்பாய்களும் கப்பல்காரர்களும் கொண்டுவந்த கையுறைச் சண்டையை வடசென்னைக்காரர்கள் ‘ரோசமான குத்துச்சண்டை’யாகத் தமதாக்கிக்கொண்டார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் எனப் பரம்பரைகள் பிரிந்தன. மீன்பிடிப்பவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்களும் வேலை முடிந்த கையோடு வாத்தியாரிடம் போய் நின்றார்கள். 1940களில் நாட் டெர்ரி என்ற ஆங்கிலோ-இந்திய வீரர் இங்குள்ளவர்களை வரிசையாகச் சாய்த்துவந்ததாகவும், கடைசியில் முத்து அவரை வீழ்த்தியதாகவும், பெரியார் அழைத்து ‘திராவிட வீரன்’ என்று பாராட்டியதாகவும் ராயபுரத்தில் சொல்வார்கள். இந்தக் கதையை உட்கார்ந்தபடி சொல்பவர் குறைவு. எழுந்து, இடது தோளை முன்னால் கொடுத்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி, வலது கை எங்கிருந்து புறப்பட்டது என்று காட்டினால்தான் சொல்பவருக்கே திருப்தி.

சல்லிவன் கதை வேறு விதமாகக் கிடைக்கிறது. 1943-இல் கார்டிஃப் நகரின் ஸ்ப்ளாட் பகுதியில் பிறந்த கறுப்பினப் பையன். சிறுவயதில் கால், தோள் என்று பல அறுவைச் சிகிச்சைகள். இவன் ஒழுங்காக நடப்பதே சந்தேகம் என்றார்கள் மருத்துவர்கள். ராணுவத்தில் இருந்தபோது, 1961-இல், ஹல் எஃப்சி அணிக்காக ஒரு சோதனை ஆட்டம் ஆடினார். பெயர்ப்பட்டியலில் அவர் பெயருக்குப் பதில் ‘எக்ஸ்’ என்று மட்டும் போட்டார்கள். அன்றைக்கு மூன்று டிரை. அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டி மூன்று முறை பந்தைத் தரையில் வைத்தார். மறுநாளே ஒப்பந்தம் ஆனது. ஹல் எஃப்சிக்கு 250 டிரை, அதே ஊரின் எதிரி அணியான ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸுக்கு 118 என்று அவர் கணக்கு கடைசி எண் வரை பதிவாகியிருக்கிறது.

அந்த ‘எக்ஸ்’ எதற்காக? இரண்டு வீரர்களும் மறக்கப்பட்டதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1895-இல் வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும், ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாத நாளின் கூலியை ஈடுகட்டச் சொன்னார்கள். விளையாட்டைப் பொழுதுபோக்காக வைத்திருந்த மேட்டுக்குடியினர் மறுத்தார்கள். ரக்பி இரண்டாக உடைந்தது. லீக் என்பது அப்படிப் பிறந்த ஆட்டம். அந்தப் பக்கம் போய்க் காசு வாங்கியவருக்குப் பழைய ரக்பியில் ஆயுள் தடை. சோதனை ஆட்டத்துக்கு வருபவர் பெயரை மறைத்தது அதற்காகத்தான். வேல்ஸில் பழைய ரக்பிதான் உயிர்மூச்சு என்பதால், வடக்கே போனவர் சொந்த மண்ணிலேயே அந்நியரானார். நம்மூரிலும் இதே கோடுதான் கிழிக்கப்பட்டது. டிக்கெட் விற்ற மேடையில் பரிசுப் பணத்துக்கு மோதியவருக்கு அன்று அமெச்சூர் சங்கத்திலும் ஒலிம்பிக்கிலும் இடமிருக்கவில்லை. நாள்கூலிக்காரன் மூக்குடைத்துக்கொண்டு சம்பாதித்த பணம், அவன் பெயரை அரசுப் பட்டியல்களுக்கு வெளியே நிறுத்திவிட்டது. இது எனக்குப் பொறுக்கவில்லை.

1972 நவம்பரில் பிரான்சின் லியோன் நகரில் ரக்பி லீக் உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்தது. பிரிட்டன் அணிக்குத் தலைவர் சல்லிவன். பிரிட்டனின் தேசிய அணி ஒன்றுக்கு, எந்த விளையாட்டிலும், தலைமை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். பார்க்க வந்தவர்கள் ஐயாயிரம் பேர்கூட இல்லை. தன் பகுதியில் கைக்கு வந்த பந்தோடு ஓரத்தில் சல்லிவன் ஓட ஆரம்பித்தார். மைதானத்தின் பெரும்பகுதியைக் கடந்து, துரத்திய ஆஸ்திரேலியர்களின் கைக்கு எட்டாமல் கோட்டைத் தொட்டார். ஆட்டம் 10-10 என்று முடிந்தது. முதல் சுற்றில் பெற்ற வெற்றிகளை வைத்துக் கோப்பை பிரிட்டனுக்குக் கிடைத்தது. இன்றுவரை அவர்களால் அதைத் திரும்ப வெல்ல முடியவில்லை. இத்தனைக்குப் பிறகும், 1993-இல் பால் இன்ஸ் இங்கிலாந்துக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கியபோது எழுந்த ஆரவாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட சல்லிவனுக்கு வாய்க்கவில்லை. புற்றுநோயால் 1985-இல், 42 வயதில் இறந்தார். கார்டிஃப் துறைமுகப் பகுதியில் பில்லி பாஸ்டன், கஸ் ரிஸ்மன் இருவரோடும் சேர்த்து அவருக்குச் சிலை வைக்க 2023 ஆனது.

ஹல் மட்டும் ஏன் மறக்கவில்லை? அதுவும் நம்மைப் போல மீனையும் கப்பலையும் நம்பிய ஊர். 1968-இல் சில வாரங்களுக்குள் மூன்று மீன்பிடிக் கப்பல்கள் மூழ்கி 58 பேரை இழந்த ஊர். ஆற்றுக்கு மேற்கே ஒரு அணி, கிழக்கே இன்னொரு அணி என்று பிறப்பிலேயே கட்சி கட்டும் ஊர். சார்பட்டாவும் இடியப்ப நாயக்கரும் போலத்தான். ஆனால் அங்கே கட்சி என்பது கிளப்; அதற்கு மைதானம், கணக்கர், ஆட்டவாரியான ஏடு எல்லாம் உண்டு. இங்கே கட்சி என்பது வாத்தியார். அவர் சொல்லித் தந்த கால்வரிசை மாணவனின் காலில் இருக்கும், ஏட்டில் இருக்காது. சல்லிவன் அணி மாறியும் இரண்டு கரையும் அவரை ஏற்றது. வாத்தியாரைப் பிள்ளை போல் பற்றி நிற்கும் பரம்பரையில் அது எளிதல்ல. பரம்பரையின் இந்தப் பற்றை நான் குறைவாக எண்ணவில்லை. முத்துவின் கடைசிக் குத்தை மூன்று தலைமுறைக்குக் கடத்தியது அதுதான். ஏடு அதைச் செய்திருக்காது. சல்லிவனின் 250 எண்ணைக் கேட்டு யாரும் எழுந்து நின்று காட்டுவதில்லை. ஆயினும் பெயர்ப்பலகை கேட்டு மாநகராட்சிக்கு மனுப் போடும்போது ஏடுதான் உதவும்.

2021-இல் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வந்தது. தமிழ்நாடு முழுக்க அந்தப் பெயர் பரவியது நல்லதுதான். ஆனால் படத்தின் கபிலனையும் டான்சிங் ரோஸையும் தெரிந்த இளைஞர்களில் பலருக்கு முத்துவைத் தெரியாது. 1980-இல் முகமது அலி சென்னை வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியது நம் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. அலியைப் பார்க்க அவ்வளவு கூட்டம் கூடக் காரணமான ரசனையை வளர்த்தவர்கள், அவருக்கு முன் கண்ணப்பர் திடலில் மோதிய ஆட்கள்.

பனைமரத்தொட்டி, காசிமேடு, திருவொற்றியூர் வீடுகளில் சண்டை நோட்டீஸ்களும், கையுறையோடு எடுத்த ஸ்டூடியோ படங்களும் இருந்தால், அவை பரணில் செல்லரித்துப்போகும் முன் யாராவது வாங்கிப் பிரதி எடுக்க வேண்டும். பழைய வீரர்களிடம் படித்த வாத்தியார்களின் பேச்சைப் பதிவுசெய்ய வேண்டும். மாநகராட்சியின் பயிற்சிக்கூடம் ஒன்றுக்கோ, மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலைக்கோ கித்தேரி முத்துவின் பெயரை வைக்கும் தீர்மானத்தை ராயபுரம் வார்டு உறுப்பினர்கள் கொண்டுவரலாம். ஹல் மக்கள் சல்லிவனுக்குச் செய்தது இதைவிடப் பெரிய காரியமில்லை.