கல்லற்ற புதைகுழிகள்: மலையகத்து மூதாதையரைத் தேடுதல்

இலங்கையின் கல்லறைச் சாசனங்களைத் திரட்டி ஜே. பென்றி லூயிஸ் என்னும் சிவில் சேவை அதிகாரி 1913இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். காப்பித் துரைமாரும் படைவீரரும் அவர்தம் குழந்தைகளுங்கூட எங்கே, எப்போது அடக்கஞ்செய்யப்பட்டனர் என்பதை அதில் இன்றும் காணலாம். 1892இல் மறைந்த ஜேம்ஸ் டெயிலரின் கல்லறை கண்டி மகியாவையில் உள்ளது. ஆனால், 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் அவர் தேயிலை பயிரிட்டபோது உழைத்த தமிழரின் புதைகுழிகளைத் தேடுவோமாயின், நாம் வெறுங்கையுடனேயே திரும்ப நேரும்.

இதனைச் சந்ததியாரின் மறதி எனக் கொள்வது தவறு. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தோரில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பலர். கூட்டம் நிற்க முடியாது. ஆதலின் இறந்தோர் வழியோரத்தில் விடப்பட்டனர். 1899இல் அப்பாதை மூடப்பட்டது. தோட்டத்தை அடைந்தோருக்கோ ‘துண்டு’ என்னும் கடன்சீட்டே பிரதான ஆவணமாயிற்று. தோட்டம் மாறினாலும் அது அவர்களைத் தொடர்ந்தது; 1921இலேயே சட்டப்படி ஒழிந்தது. தொழிலாளியின் கடனை இத்துணை நுணுக்கமாகப் பேணிய அமைப்பு அவன் பாட்டனின் பெயரைப் பேணவேண்டிய தேவையைக் காணவில்லை.

இவ்வின்மை 1948இல் அரசியலாயிற்று. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவரிடமும் தந்தை இங்கு பிறந்தார் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தனர் என்றோ சான்று கோரியது. ஏனையோரிடம் நடைமுறையில் எவரும் இதனைக் கேட்கவில்லை. பிறப்புப் பதிவேயில்லாத லயன் வீட்டில் பூட்டனின் பிறப்பை எங்ஙனம் நிறுவுவது? தாய்வழி கணக்கிலேயே வரவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. மலையைத் திருத்தி மாண்டவர்களின் பேரர் ‘நாடற்றோர்’ ஆயினர்.

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இதனால் தேடலின் திசையே இரண்டாயிற்று. ஹற்றனிலும் பதுளையிலும் உள்ளோர் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்ப்பெயரொன்றைப் பற்றிக்கொண்டு வேர் தேடுகின்றனர். நீலகிரியில் குடியேற்றப்பட்டோருக்கோ பெற்றோரின் புதைகுழி கடலுக்கு இப்பால் உள்ளது. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் நாடற்றோர் பிரச்சினைக்குப் பெரிதும் தீர்வு தந்ததாயினும், அச்சட்டமும் 1964 அக்டோபர் 30 முதல் தாமோ தம் முன்னோரோ இங்கு வதிந்தமையையே அடிப்படையாகக் கொண்டது.

எனவே ஆய்வாளர் செக்ரோலையும் தேவாலயப் பதிவேடுகளையும் மட்டும் நம்புவது போதாது. ஆங்கில எழுத்தில் உருமாறிய பெயர்களை ஒலி கொண்டு மீட்கவேண்டும்; ஒப்பாரிகளில் விளிக்கப்படும் உறவுமுறைகளையும் ஊர்ப்பெயர்களையும் குறித்துக்கொள்ளவேண்டும். எந்த மலைச்சரிவில் எவர் கிடக்கிறார் என்பதை முதிய பெண்கள் மரத்தையும் பாறையையும் அடையாளமாக வைத்தே சொல்வர். சுடுகாட்டு நிலம் மீள்நடுகைக்கு எடுக்கப்படுமுன் அவர்களுடன் அச்சரிவுகளில் நடந்து, வரைபடமொன்று தயாரிப்பதே இப்போதைக்குச் செய்யத்தக்க முதல் வேலை.